உறைந்த தரையும் உப்பு வண்டியும்

பனிப்புயல் ஓய்ந்த பின்னிரவில், பெரிய கடைத்தொகுதி ஒன்றின் வாகன நிறுத்துமிடத்துக்குப் பனி தள்ள வரும் அனுபவமுள்ள ஓட்டுநர், வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் பூட்ஸ் குதிகாலால் தரையை அழுத்திச் சுரண்டிப் பார்ப்பார். வெண்படலம் மாவுபோல உதிர்ந்து கருந்தார் தெரிந்தால், வண்டியின் முன்னால் பொருத்திய தகட்டால் தள்ளினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். குதிகால் வழுக்கிக்கொண்டு போனால், பனி தரையோடு ஒட்டிவிட்டது என்று பொருள். அதன் பிறகு அந்த இரவின் உழைப்பும் செலவும் பல மடங்கு கூடிவிடும். விடிந்தபின் யாராவது விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும் வாய்ப்பும் அதோடு சேர்ந்து கூடும்.

குளிர்காலப் புயல் பற்றிய செய்திகளில் பெரிதாகச் சொல்லப்படுவது எத்தனை சென்டிமீட்டர் பனி விழுந்தது என்ற எண்தான். பனி அகற்றுவதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு அந்த எண்ணைவிட முக்கியமானவை வேறு சில உண்டு. விழுந்தது எந்த வடிவத்தில் விழுந்தது, விழுந்த நேரத்தில் தரையின் வெப்பநிலை என்ன, உருகும் நீர் எப்பக்கம் ஓடி எப்போது மறுபடி உறையும் என்பவை அவை. இவற்றுக்கு அப்பால் இன்னொன்றும் இருக்கிறது: நிலத்தின் உரிமையாளருக்கும் பனி அகற்றும் நிறுவனத்துக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தம். ஒரு வாகன நிறுத்துமிடத்தில் பனியை உருக்க எவ்வளவு உப்பு கொட்டப்படுகிறது என்பதை, வெப்பமானியைவிட அந்த ஒப்பந்தமும் அதன் பின்னால் நிற்கும் இழப்பீட்டுச் சட்டமும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. ஏன் அப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, மேகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. விடியற்காலைப் புல்நுனியில் நிற்பதும், மலைமேல் மூடுவதும், துருவப் பகுதியில் கொட்டுவதும் எல்லாமே நமக்குப் ‘பனி’தான். இந்தத் தொழிலைப் பற்றிப் பேச அந்த ஒரு சொல் போதாது. பஞ்சுபோல விழுவதை வெண்பனி என்றும், தரையில் கெட்டியாக உறைந்ததைப் பனிக்கட்டி என்றும், நீராக விழுந்து தொட்ட இடத்திலேயே உறைவதை உறைமழை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

குளிர்காலப் புயலில் மேகத்துக்குள் உருவாவது பெரும்பாலும் வெண்பனிதான். அது தரைக்கு இறங்கும் வழியில் எத்தகைய காற்றடுக்குகளைக் கடக்கிறது என்பதைப் பொறுத்து அதன் வடிவம் மாறுகிறது. மேலிருந்து கீழ்வரை காற்று பூச்சிய டிகிரிக்குக் கீழே இருந்தால் வெண்பனி வெண்பனியாகவே வந்து சேரும். இடையில் வெதுவெதுப்பான அடுக்கு ஒன்று நுழைந்துவிட்டால் அது உருகி மழைத்துளியாகிவிடும். அந்த அடுக்குக்குக் கீழே உள்ள குளிர்ந்த காற்று போதிய ஆழம் கொண்டதாக இருந்தால், துளி மறுபடி உறைந்து குறுணைபோலத் தரையில் துள்ளும். குளிரடுக்கு தரையை ஒட்டி மெல்லியதாக மட்டும் இருந்தால், துளிக்கு உறைய நேரம் கிடைப்பதில்லை. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த நிலையிலும் நீராகவே வந்து, கிளை, கம்பி, படிக்கட்டு, கைப்பிடி என்று தொட்ட எல்லாவற்றின்மேலும் கண்ணாடி பூசியதுபோல உறைந்துவிடும். நடு அடுக்கின் வெப்பநிலையில் ஓரிரு டிகிரி மாறினாலே, தகட்டால் தள்ளிவிடக்கூடிய இரவு, தகடு எதற்கும் உதவாத இரவாகிவிடும்.

உறைமழையின் உச்சத்தை 1998 ஜனவரியில் கனடாவின் கிழக்கு ஒன்ராறியோவும் தெற்குக் கியூபெக்கும் கண்டன. ஏறத்தாழ ஒரு வாரம் விட்டுவிட்டுப் பெய்த மழையில், மொன்றியலுக்குத் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீட்டர் அளவுக்கு உறைநீர் சேர்ந்தது, அதன் எடை தாங்காமல் பெரும் மின்கோபுரங்கள் வரிசையாக மடிந்து விழுந்தன, பல இலட்சம் வீடுகள் இருளில் மூழ்கின, இராணுவம் அழைக்கப்பட்டது. சென்டிமீட்டர் கணக்கில் பார்த்தால் அது பெரிய பனிப்பொழிவே அல்ல.

ஏரிகளை ஒட்டிய ஊர்களில் இடம் சார்ந்த வேறுபாடு வியப்பூட்டும். இலையுதிர்காலத்தின் முடிவில் ஏரிநீர் இன்னும் சூடு தணியாமல் இருக்கும்போது, வடக்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று ஏரியின் நீளவாக்கில் கடந்தால், வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறியதும் குறுகிய ஒரு பட்டையாகக் கொட்டித் தீர்க்கும். 2014 நவம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குத் தெற்கே உள்ள புறநகர்களில் 150 சென்டிமீட்டருக்கும் மேல் பனி குவிந்தபோது, அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே சில சென்டிமீட்டர் மட்டுமே விழுந்தது. ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும் இரண்டு இடங்களில், ஒன்றில் துடைப்பமே போதுமாக இருக்க, மற்றொன்றில் லோடர் வண்டியே புதைந்து நிற்கும். இத்தகைய நாளில் மாநிலம் முழுவதற்குமான வானிலை அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களைப் பிரித்தனுப்ப முடியாது. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் தங்களுக்கெனத் தனியாக வானிலை ஆய்வாளர்களைக் கட்டணம் கொடுத்து அமர்த்திக்கொள்கின்றன.

பனிச்சூறாவளி என்ற சொல்லும் பனியின் அளவைக் குறிப்பதல்ல. மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்றும், பனியால் சுமார் 400 மீட்டருக்குள் சுருங்கிவிட்ட பார்வைத் தொலைவும் மூன்று மணிநேரம் நீடித்தால் அமெரிக்க வானிலைத் துறை அதைப் பனிச்சூறாவளி என்கிறது; கனடாவில் பொதுவான வரையறை 40 கிலோமீட்டர் காற்றும் நான்கு மணிநேரமும். வானத்திலிருந்து புதிதாக எதுவும் விழாமலேயே, ஏற்கெனவே கிடக்கும் பனியைக் காற்று தூக்கி வீசினாலும் இந்த நிலை வந்துவிடும். 2022 டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டி, பஃபலோவில் இந்த நிலை ஒன்றரை நாள் நீடித்தது. 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மீட்கப் போன வண்டிகளே சிக்கிக்கொண்டன. அப்படிப்பட்ட நேரத்தில் பனி தள்ளுவது வீண்வேலை. தள்ளிய இடத்தைக் காற்று அரைமணி நேரத்தில் நிரப்பிவிடும், தள்ளப்போனவருக்கு முன்னால் நிற்கும் சுவர் தெரியாது. ஆட்களை அனுப்பாமல் காத்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு முடிவுதான். அந்த முடிவை எடுக்கத் துணிவு வேண்டும், ஏனெனில் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கும்.

நகர வீதிகளில் பனி தேங்கினால் அரசியல் கணக்குக் கேட்கும். 1979 ஜனவரியில் சிகாகோவை முடக்கிய புயலைச் சரியாகக் கையாளவில்லை என்ற கோபம், அடுத்த மாதம் நடந்த கட்சி உட்தேர்தலில் மேயர் மைக்கேல் பிலாண்டிக்கின் தோல்விக்குப் பெரிய காரணமாகி, ஜேன் பைர்னை அந்நகரத்தின் முதல் பெண் மேயராக்கியது. கடைத்தொகுதி, மருத்துவமனை, கிடங்கு, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றின் நிலம் தனியார் நிலம். அங்கே கணக்குக் கேட்பது நீதிமன்றம்.

தனியார் நிலம் வேறொரு வகையிலும் சாலையிலிருந்து மாறுபட்டது. சாலையில் போவது வண்டிகள். வாகன நிறுத்துமிடத்தில் எல்லோரும் ஒரு கட்டத்தில் கதவைத் திறந்து கால் ஊன்றி நடக்கிறார்கள். டயர் தாங்கும் வழுக்கலைச் செருப்பு தாங்காது. மேலும், சாலையில் தூவிய உப்பை ஓடும் டயர்கள் நசுக்கிப் பனியோடு கலந்துவிடுகின்றன. அதனால் உப்பு விரைவாக வேலை செய்கிறது. இரவு இரண்டு மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும் நிறுத்துமிடத்தில் அந்த உதவியும் கிடைப்பதில்லை.

தகட்டின் வேலையையும் உப்பின் வேலையையும் பிரித்துப் பார்க்க ஒரு சிறு கணக்குப் போடலாம். ஒரு ஹெக்டேர் நிறுத்துமிடத்தில் 10 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 100 கிலோ என்று எடுத்தால் அங்கே கிடப்பது 100 டன் உறைந்த நீர். பூச்சியத்துக்கு ஒரு டிகிரி கீழே, ஒரு கிலோ சாதாரண உப்பு ஏறத்தாழ 46 கிலோ பனிக்கட்டியை உருக்க வல்லது. பூச்சியத்துக்குக் கீழே 7 டிகிரிக்குப் போனால் அதே ஒரு கிலோவால் எட்டு, ஒன்பது கிலோவைத்தான் உருக்க முடியும்; 12 டிகிரிக்குப் போனால் ஐந்து கிலோகூடத் தேறாது. ஆக, மைனஸ் 7 டிகிரியில் அந்த 100 டன்னையும் உப்பாலேயே உருக்க நினைத்தால் 11, 12 டன் உப்பு வேண்டும். இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஆனால் தகட்டைச் சரியாகப் பிடிக்காமல் இரண்டு சென்டிமீட்டர் பனியை விட்டுவிட்டு, ‘மீதியை உப்பு பார்த்துக்கொள்ளும்’ என்று நகர்ந்துவிடும் ஓட்டுநர், அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தன்னையறியாமல் செய்துகொண்டிருக்கிறார்.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்பதிலேயே அதன் எல்லையும் இருக்கிறது. உலர்ந்த உப்புப் பரல் எதையும் உருக்காது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய ஈரத்தில் கரைந்து கரைசலாக மாறிய பிறகே அது செயல்படத் தொடங்குகிறது. அந்தக் கரைசலின் உறைநிலை தூய நீரைவிடக் குறைவு என்பதால், அது படிப்படியாகப் பனிக்கட்டியைத் தின்று கீழே இறங்கித் தரையை அடைந்து, பனிக்கும் தாருக்கும் இடையே பரவிப் பிடிப்பை விடுவிக்கிறது. பிடிப்பு விட்டதும் எஞ்சியதைத் தகட்டால் பெயர்த்துத் தள்ளிவிடலாம். கரைசலில் உப்பு 23 விழுக்காடு அளவில் இருக்கும்போது அது மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் நிற்கும். அது ஆய்வுக்கூடத்தின் எல்லை. நடைமுறையில் மைனஸ் 9, 10 டிகிரியைத் தாண்டினாலே சாதாரண உப்பு மந்தமாகிவிடும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகியவை உதவுகின்றன. கால்சியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கரையும்போது வெப்பத்தையும் வெளியிடும், விலையும் அதிகம். மணல் எதையும் உருக்காது, கால் பிடித்து நடக்க மட்டும் உதவும். வசந்தத்தில் வடிகால்களை அடைத்துக்கொள்வதும் அதுவே.

உப்பின் கணக்கில் குறிப்பிட்ட டிகிரிகள் எல்லாம் தரையின் வெப்பநிலை. கைபேசி காட்டுவது காற்றின் வெப்பநிலை. இவை இரண்டும் ஒன்றல்ல என்பதை நவம்பரிலும் பெப்ரவரியிலும் தெளிவாகக் காணலாம். நவம்பரில் காற்று மைனஸ் 2 டிகிரிக்குப் போனாலும், கோடையின் சூட்டை இன்னும் தாங்கியிருக்கும் தார்த்தரையில் விழுந்த பனி உருகி ஓடிவிடும். பெப்ரவரியில், பல வாரக் குளிரை உறிஞ்சிய தரை மைனஸ் 6 டிகிரியில் இருக்க, காற்று பூச்சியத்துக்கு மேலே ஒரு டிகிரிக்கு ஏறிச் சாதாரண மழை பெய்தாலும், விழுந்த நீர் தரையில் பட்டதும் உறைந்துவிடும். இந்த வேறுபாட்டை அறிந்தவர்கள் தரையின் வெப்பத்தைத் தொலைவிலிருந்தே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை வண்டியில் பொருத்தியிருப்பார்கள். அதிக விலையில்லாத அந்தக் கருவி மூட்டை மூட்டையாக உப்பைச் சேமித்துத் தருகிறது.

ஒட்டிய பிறகு பெயர்ப்பதைவிட ஒட்டாமல் தடுப்பது எளிது. புயல் வருவதற்குச் சில மணிநேரம் முன்பே, 23 விழுக்காட்டு உப்புக் கரைசலைத் தரையில் கோடுகோடாகத் தெளித்துவிட்டால், நீர் உலர்ந்து மெல்லிய உப்புப் படலம் தங்கிவிடும். முதல் வெண்பனி விழுந்ததும் அந்தப் படலம் ஈரம் பெற்று மீண்டும் கரைசலாகி, பனிக்கும் தரைக்கும் நடுவே நிற்கும். பிறகு தகடு போட்டால் பனி பாளம்பாளமாகப் பெயர்ந்து வரும். பனி இறுகிய பின் கொட்ட வேண்டிய உப்பில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். புயல் மழையாகத் தொடங்கும் என்றால் மட்டும் இந்த முறை பயன்படாது. தெளித்ததெல்லாம் பனி விழும் முன்பே கழுவப்பட்டுப் போய்விடும்.

இத்தனை நல்ல வழிகள் தெரிந்தும், கடைவாசல்களில் உப்பு ஏன் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது? இந்த இடத்தில்தான் ஒப்பந்தம் வருகிறது.

பனி அகற்றும் ஒப்பந்தங்கள் பல வகைப்படும். பருவம் முழுவதற்கும் ஒரே தொகை பேசிக்கொள்வது ஒன்று. பனி கொட்டோ கொட்டென்று கொட்டினாலும், ஒரு துளியும் விழாவிட்டாலும் தொகை மாறாது. வந்து தள்ளும் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்பது மற்றொன்று. ஆள், வண்டி, மணிநேரம், பொருள் என்று தனித்தனியாகக் கணக்கெழுதுவது இன்னொன்று. எந்த ஆழத்தில் வேலை தொடங்க வேண்டும் என்ற அளவும் ஒப்பந்தத்தில் இருக்கும். 5 சென்டிமீட்டர் என்பது பரவலான ஏற்பாடு, மருத்துவமனை போன்ற இடங்களில் ஒரு பருக்கைகூட நிற்கக்கூடாது என்று எழுதியிருப்பார்கள். நிலையான தொகையில் உப்பும் அடக்கம் என்றால், ஒவ்வொரு மூட்டையும் நிறுவனத்தின் இலாபத்திலிருந்து போகிறது. அதனால் கை இறுகும், சில சமயம் தேவைக்கும் குறைவாகவே தூவப்படும். உப்புக்கு டன் கணக்கில் பணம் என்றால், ஒவ்வொரு டன்னும் வருமானம், கை தாராளமாகும். ஓட்டுநர் நேர்மையற்றவர் என்று இதற்குப் பொருளல்ல. ஐயம் வரும் ஒவ்வொரு தடவையும் எப்பக்கம் சாய்வது இலாபமோ அப்பக்கம் சாய்வது மனித இயல்பு, அந்தச் சாய்வை எழுதிக் கொடுத்தது ஒப்பந்தம்.

ஆனால் காசைவிடப் பெரிய காரணம் பயம். அந்தப் பயத்தின் ஊற்று பெரும்பாலும், தள்ளிக் குவித்த பனிமேட்டின் அடியில் இருக்கிறது.

தள்ளிய பனியை எங்கே குவிப்பது என்ற கேள்வியை முதல் புயலுக்கு முன்பே, அக்டோபரில் நிலத்தை நடந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். தரையின் சரிவு எப்பக்கம், வடிகால் வாய் எங்கே, தீயணைப்புக் குழாய் எங்கே, வேகத்தடை எங்கே என்று குறித்து, பனிக்கு மேலே தெரியும்படி ஒளிரும் கம்புகளை நட்டுவைக்க வேண்டும். மேட்டுப் பகுதியில், வாசலுக்கு அருகே, இடவசதி இருக்கிறது என்பதற்காக மட்டும் பனியைக் குவித்துவிட்டால், பிந்திய நாட்களில் அது தினந்தோறும் வேலை வைக்கும். நண்பகல் வெயிலில் குவியல் ஓரம் உருகும். ஒரு விரல் அகல நீரோடை, நன்றாகத் துடைத்துக் காய்ந்து கிடக்கும் தரையில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே, நடைபாதையை நோக்கி இறங்கும். மாலை ஐந்து மணிக்கு வெயில் மறைந்ததும் அது உறையும். ஈரத் தார்போலவே தெரியும் அந்தக் கறுத்த, ஒளி ஊடுருவும் தகட்டைத்தான் ‘பிளாக் ஐஸ்’ என்கிறார்கள். அன்று வானத்திலிருந்து ஒரு பருக்கையும் விழுந்திருக்காது. வானிலை அறிவிப்பில் எச்சரிக்கை எதுவும் இருந்திருக்காது. வேலை முடிந்து வீட்டுக்குப் போக வண்டியை நோக்கி நடப்பவர் அதில் கால் வைப்பார்.

இதற்கு மிக நெருக்கமான ஒரு நிகழ்விலிருந்துதான் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சட்டம் மாறியது. 2002 டிசம்பரில், அம்மாநிலத்தின் ஒரு கடை வாசலிலிருந்த வாகன நிறுத்துமிடத்தில், தரையோடு உறைந்திருந்த பனிக்கட்டித் துண்டு ஒன்றில் ஒருவர் வழுக்கி விழுந்தார். அந்தத் துண்டு, தள்ளிக் குவித்த பனியிலிருந்து உருண்டு வந்து ஒட்டிக்கொண்டதா, குவியலிலிருந்து உருகி ஓடிய நீர் மறுபடி உறைந்ததா என்பதே கீழ் நீதிமன்றத்தில் விவாதமாயிற்று. ஏனெனில், இயற்கையாகச் சேர்ந்த பனிக்கு உரிமையாளர் பொறுப்பாளி அல்ல, மனிதச் செயலால் மாறிய பனிக்கே பொறுப்பாளி என்ற விதி அங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவந்தது. 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாட்டையே நீக்கியது. பனியானாலும் வேறு எந்த ஆபத்தானாலும், நிலத்துக்கு வருபவர்மேல் நியாயமான கவனம் செலுத்த உரிமையாளர் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பளித்தது. பனிக்குவியலின் அடியை ஒருமுறை உற்றுப் பார்த்தவருக்கு, இயற்கை எங்கே முடிகிறது, மனிதக் கை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கும் பழைய விதி எவ்வளவு செயற்கையானது என்பது விளங்கும். அத்தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன்.

எல்லா இடத்திலும் சட்டம் ஒன்றுபோல் இல்லை. நியூயார்க்கில், புயல் நடந்துகொண்டிருக்கும்போது உரிமையாளர் பனி அகற்றக் கடமைப்பட்டவர் அல்ல, ஓய்ந்த பின் நியாயமான அவகாசமும் அவருக்கு உண்டு என்ற கொள்கை நிலைபெற்றிருக்கிறது. 2021இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றமும் அதை ஒத்த விதியை ஏற்றது. பனி அகற்றும் நிறுவனத்தின் பொறுப்பைப் பற்றி 2002இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது: வழிப்போக்கருக்கு அந்த நிறுவனம் பொதுவாக நேரடிக் கடமை கொண்டதல்ல, ஆனால் அதன் செயலே ஆபத்தை உண்டாக்கினால், அல்லது அதன் வேலையை நம்பி ஒருவர் பாதிக்கப்பட்டால், அல்லது உரிமையாளரின் முழுப் பொறுப்பையும் அது தன்மேல் ஏற்றுக்கொண்டிருந்தால் பதில் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் ஒப்பந்தங்கள் இந்த நுட்பங்களைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. யார் விழுந்தாலும், யாருடைய தவறானாலும், வழக்குச் செலவையும் இழப்பீட்டையும் பனி அகற்றும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்ற பிரிவைப் பெரிய சொத்து நிர்வாகங்கள் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுகின்றன. பணத்தை மிச்சப்படுத்த உப்புப் போட வேண்டாம் என்று உரிமையாளரே சொல்லி, அதனால் ஒருவர் விழுந்தாலும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான். இரண்டு லாரி வைத்திருக்கும் சிறு நிறுவனத்தால் இதை மறுத்துப் பேச முடியாது. காப்பீட்டுக் கட்டணம் ஏறும். ஒரு கட்டத்தில் காப்பீடே கிடைக்காமல் போகும். இல்லினாய் மாநிலம் 2016இல் இயற்றிய சட்டம், இப்படி ஒருவரின் தவற்றை மற்றவர்மேல் சுமத்தும் பிரிவுகள் பனி அகற்றும் ஒப்பந்தங்களில் செல்லாது என்றாக்கியது. ஒன்ராறியோவில் வேறொரு குறை இருந்தது: தனியார் நிலத்தில் பனியில் விழுந்தவர் இரண்டு ஆண்டுகள் கழித்துக்கூட முதன்முறையாக வழக்கு அறிவிப்பு அனுப்பலாம். எத்தனையோ புயல்களுக்குப் பிறகு, ஒரு குறிப்பிட்ட மாலையில் ஒரு குறிப்பிட்ட வாசலில் என்ன நிலை இருந்தது என்று யாரால் நினைவுகூர முடியும்? 2021 ஜனவரி 29 முதல் அங்கே, விழுந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. மரணம் நேர்ந்தால், அல்லது தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் விலக்கு உண்டு. காயம்பட்டவருக்கு இது கடுமை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது; மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவருக்கு 60 நாட்கள் விரைந்து ஓடிவிடும். ஆயினும் சான்றுகள் அழியாமலிருக்கும் காலத்துக்குள் இரு தரப்பும் உண்மையைத் தேட இது வழி செய்கிறது.

இந்தச் சூழலில் ஓட்டுநரின் பதிவேடு அவருடைய தகட்டுக்கு இணையான கருவியாகிவிட்டது. வந்த நேரம், போன நேரம், தரையின் வெப்பநிலை, தூவிய உப்பின் எடை, வண்டி சென்ற தடம், வாசலின் நிழற்படம் எல்லாம் பதிவாகின்றன. ஆனால் நீதிமன்றத்தில் மிக எளிதாகக் காட்டக்கூடிய சான்று, விழுந்த இடத்தைச் சுற்றிலும் கிடக்கும் வெள்ளை உப்புதான். சொத்து நிர்வாகி காலையில் வந்து பார்க்கும்போது தரை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். தெரியாவிட்டால் வேலையே நடக்கவில்லை என்று நினைக்கிறார். உலர்ந்த தரையில் காலடியில் நறநறவென்று உப்பு மிதிபடுகிறது என்றால், அந்த உப்பு எதையும் உருக்காமல் மிஞ்சிய உப்பு. அது பாதுகாப்பைக் கூட்டவில்லை. அடுத்த மழையில் வடிகாலுக்குள் போகக் காத்திருக்கிறது.

போன பிறகு அது எங்கும் மறைவதில்லை. உப்பில் உள்ள குளோரைடை மண்ணும் நுண்ணுயிர்களும் சிதைப்பதில்லை. நீரிலிருந்து எளிதில் பிரித்தெடுக்கவும் முடியாது. நன்னீர் உயிரினங்களுக்காக அமெரிக்கா வகுத்த நீண்டகால வரம்பு லிட்டருக்கு 230 மில்லிகிராம் குளோரைடு, கனடாவின் வழிகாட்டு அளவு 120. ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 19 லிட்டர் நீரை அந்த 230க்குக் கொண்டுபோய்விடும் என்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு மக்களுக்கு விளக்குகிறது. உப்புநீர் கனமானது என்பதால் ஏரிகளின் அடியில் தங்கி, மேல்நீரும் கீழ்நீரும் பருவந்தோறும் கலப்பதைத் தடுக்கிறது. நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஒன்ராறியோவின் வாட்டர்லூ வட்டாரத்தில் குடிநீர்க் கிணறுகளிலேயே குளோரைடு ஏறியது. உப்பை அளவோடு தூவுவதற்கான பயிற்சியும் சான்றிதழும் அங்கிருந்து வளர்ந்தன. கனடா 2001இல் சாலை உப்பைச் சுற்றுச்சூழலுக்கு நச்சானது என்று மதிப்பிட்டு, 2004இல் நடைமுறை விதிகளை வெளியிட்டது. ஆனால் அவ்விதிகள் பொதுச் சாலை அமைப்புகளை நோக்கியவை. கடைவாசல்கள் அவற்றின் பார்வைக்கு வெளியே நின்றன.

அந்த இடைவெளியில் நேராகக் கைவைத்தது, 1938 அளவிலேயே சாலையில் உப்பைச் சோதித்துப் பார்த்த முன்னோடி மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர். மாநிலத்தின் தெற்கே 93ஆம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்தத் திட்டமிட்டபோது, அருகிலுள்ள ஓடைகளில் குளோரைடு வரம்பை மீறியிருப்பது தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுத்ததில், வாகன நிறுத்துமிடங்களும் தனியார் பாதைகளும் பெரும் பங்கு வகிப்பது வெளிப்பட்டது. அதிகாரிகள் நிறுவனங்களிடம் உப்பைக் குறைக்கச் சொன்னபோது வந்த பதில் ஒன்றே: வழக்குப் போடுவார்களே. 2013 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டே அமைந்தது. பயிற்சி பெற்று, மாநிலத்தின் சான்றிதழோடு, பரிந்துரைத்த முறைப்படி தூவி, அளவுகளைப் பதிவுசெய்யும் நிறுவனத்துக்கும் அதை அமர்த்தும் உரிமையாளருக்கும், பனியில் விழுந்ததற்கான வழக்குகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு. சான்றிதழ் கட்டாயமில்லை. பயத்தால் கொட்டப்படும் உப்பைக் குறைக்க, பயத்தின் காரணத்தையே குறைத்த இந்த வழியை மற்ற இடங்களும் பின்பற்ற வேண்டும் என்று விரும்புகிறேன். அபராதத்தால் இதைச் செய்ய முடியாது. அதிகாலை மூன்று மணிக்கு ஒவ்வொரு நிறுத்துமிடத்திலும் அதிகாரி ஒருவரை நிறுத்த எவராலும் இயலாது.

அத்தகைய பயிற்சிகளில் ஆட்களை மிகவும் திகைக்க வைப்பது வேதியியல் பாடம் அல்ல, எடை போடும் வேலை. உப்புத் தூவும் கருவியின் கதவை வழக்கமாக வைக்கும் அளவில் வைத்து, விரித்த தார்ப்பாயின்மேல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, விழுந்ததை வாளிகளில் அள்ளித் தராசில் வைப்பார்கள். பல குளிர்காலங்கள் அந்த வண்டியை ஓட்டியவர்கூட, தன் கை நிமிடத்துக்கு எத்தனை கிலோ கொட்டிவந்தது என்பதை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பார். கதவின் ஓரத்தில் பெயின்ட்டால் புதிதாக ஒரு கோடு போட்டு, அதுவரை வைத்துவந்த இடத்துக்குச் சற்றுக் கீழே அதை நிறுத்திவிட்டு, முதல் புயலுக்குக் காத்திருப்பார்.